அடைக்கோழியா, இன்குபேட்டரா?

சென்னையின் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மொட்டைமாடிகளில் ஐப்பசி முதல் மார்கழி வரை முட்டை பொரிக்க வைப்பவர்களுக்கு, அடைக்கோழியை நம்புவதா, முட்டைக்குச் செயற்கையாகச் சூடு கொடுக்கும் இன்குபேட்டர் வாங்குவதா என்பதே முதற்கேள்வி. இரண்டிலும் குஞ்சு வெளிவர 21 நாட்கள் ஆகும்.

சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடைகாக்கும்போது, ஓரத்து முட்டைகளை அலகால் வயிற்றடிக்கு இழுத்து, நடுவில் இருப்பவற்றை வெளியே தள்ளி, எல்லாவற்றுக்கும் சூடு கிடைக்கச் செய்கிறது. புயல் மழையில் மின்சாரம் போனாலும் அதன் வேலை நிற்பதில்லை, பொரித்த குஞ்சுகளையும் இறக்கைக்குள் அணைத்துக்கொள்வதால் பல்பின் சூடும் தேவைப்படாது. ஆனால், அது அடைக்கு உட்காரும் நாள் நம் கையில் இல்லை. பேன் பிடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்குபேட்டரில் நிறைய முட்டைகளை நினைத்த நாளில் வைக்கலாம். விசிறி உள்ள கருவியில் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம், 18ஆம் நாள் வரை முட்டைகளைத் திருப்புதல், கடைசி மூன்று நாட்களில் கூடுதல் ஈரப்பதம், பொரித்தபின் முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி சூடு என எதிலும் தவறக் கூடாது. நீண்ட மின்தடையில் முட்டைக்குள்ளேயே குஞ்சுகள் மடிவது பெருந்துயரம் என்பதால், இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு மழைக்காலத்தில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வழியில் பொரித்தாலும், வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்தை முதல் வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.