குராசோவில் ஒரு மத்தியானம்: திராட்சையா, லராஹாவா?

கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவுக்கு வருகிறவர்களில் பலர் காலையில் கப்பலிலிருந்து இறங்கி இரவுக்குள் திரும்பி ஏறிவிடுகிறார்கள். நிதானமாக உட்கார்ந்து ருசி பார்க்க அவர்களுக்குக் கிடைப்பது ஒரு மத்தியானம்தான். உள்ளூரில் தயாராவதைக் குடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் இரண்டு இடங்களைச் சொல்வார்கள். விமான நிலையத்துப் பக்கம் இருக்கும் ஹாட்டோ பண்ணை வீட்டின் திராட்சைத் தோட்டம் ஒன்று. வில்லெம்ஸ்டாட் நகருக்குள்ளேயே, சாலிஞ்ஞா பகுதியில் இருக்கும் சோபோலோபோ மாளிகை இன்னொன்று. முதல் இடத்தில் ஒயின், இரண்டாவதில் லராஹா என்ற கசப்பு ஆரஞ்சின் தோலில் வடிக்கும் லிக்யூர், அதாவது இனிப்பு மது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் சோபோலோபோவுக்குத்தான் அனுப்புவேன். ஆனால் ஹாட்டோவில் நடப்பதும் லேசான காரியமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெனிசுவேலாக் கரையிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் வறண்ட தீவு இது. கரீபியன் என்றதும் மனதில் வரும் தென்னையும் பச்சை மலையும் இங்கே குறைவு. கள்ளிக்காடு, சுண்ணாம்புப் பாறை, வருஷம் முழுக்க கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று. திவி-திவி மரங்கள் அந்தக் காற்றுக்கு வளைந்து, ஒரே பக்கமாகத் தலை சாய்த்து நிற்கும். பெய்கிற கொஞ்ச மழையும் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும். 1928இலிருந்து கடல்நீரைக் குடிநீராக்கிக் குடிக்கும் ஊர். இங்கே ஒயின் திராட்சை நட்டு வளர்ப்பது என்றால் ஒவ்வொரு கொடிக்கும் தண்ணீரை எண்ணித்தான் ஊற்ற வேண்டும்.

வறட்சியால் ஒரு லாபமும் உண்டு. காய்ந்த காற்று வீசிக்கொண்டே இருந்தால் இலையில் ஈரம் தங்காது, பூஞ்சை நோய் குறையும். பெரிய சிக்கல் குளிர்காலம் இல்லாததுதான். ஐரோப்பாவில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் தானாக எழும். வெப்ப மண்டலத்தில் கொடி தூங்குவதே இல்லை. எப்போது துளிர்க்க வேண்டும் என்பதை மனிதன்தான் கத்தரித்துக் கத்தரித்துச் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் போனவர்களுக்கு இது புரியும். பன்னீர் திராட்சைக்காரர்கள் கவாத்து செய்யும் நாளை வைத்துத்தான் அறுவடை நாளைக் கணக்குப் போடுகிறார்கள், அதனால்தான் அங்கே வருஷத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்க முடிகிறது.

ஒயினுக்கு இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. இரவும் வெக்கையாக இருந்தால் பழத்தில் இனிப்பு வேகமாக ஏறும், புளிப்பு வேகமாக இறங்கும். புளிப்பு இறங்கிய ஒயின் வாயில் சப்பென்று படுத்துவிடும். அதனால் எந்த நாளில் பறிப்பது என்பதில்தான் தோட்டக்காரரின் கைவரிசை. இப்படிப்பட்ட இடத்து ஒயினைக் குடிக்கும்போது பிரான்சின் பேர்போன ஒயின்களான போர்தோவையோ பர்கண்டியையோ நினைத்துக்கொள்ளக் கூடாது, அது இரண்டுக்கும் அநியாயம். நன்றாகக் குளிர வைத்த வெள்ளை ஒயினை முதலில் கேளுங்கள். அந்த வெயிலுக்கு அதுதான் சரியாக வரும். சிவப்பைக் கடைசியில் ஒரு வாய் பார்த்தால் போதும். கிளம்புவதற்கு முன் அன்றைக்குத் தோட்டம் திறந்திருக்கிறதா என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

சரி, இப்போது சோபோலோபோ.

1500களில் ஸ்பானியர்கள் வலென்சியா ஆரஞ்சை இந்தத் தீவில் நட்டார்கள். மண்ணும் வெயிலும் ஒத்துழைக்கவில்லை. பழம் சிறுத்து, நார் ஏறி, வாயில் வைக்க முடியாத கசப்பாகிவிட்டது. நட்டவர்கள் கைவிட்டுப் போனார்கள், மரம் மட்டும் காடாக நின்றது. வெகு காலம் கழித்துத்தான் அதன் காய்ந்த தோலில் எண்ணெய் வாசனை அபாரமாக இருப்பதை யாரோ கவனித்தார்கள். தீவின் பாப்பியமெந்து மொழியில் அந்தப் பழத்துக்குப் பெயர் லராஹா. 1896இல் சீனியர் என்ற யூதக் குடும்பத்தின் நிறுவனம் அதிலிருந்து லிக்யூர் தயாரிக்கத் தொடங்கியது. 1947இலிருந்து வேலை நடப்பது இந்த மாளிகையில்.

லராஹா என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் போர்த்துகீசிய லரான்ஜா, ஸ்பானிய நரான்ஹா, அரபு நாரஞ்ச், பாரசீக நாரங்க், வடமொழி நாரங்க என்று ஒரு வரிசை வரும். அதற்கும் அடியில் திராவிட வேர் இருக்கிறது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து, நம் நாரத்தையும் அந்தக் குடும்பம்தான். எனக்கு இது வெறும் சொல் விளையாட்டாகப் படவில்லை. அங்கே ஒரு தட்டில் காய்ந்த லராஹாத் தோல் வைத்திருந்தார்கள். ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினேன். பழுப்பும் பச்சையுமாகச் சுருண்டு, தொட்டால் முறியும் போலிருந்த தோலிலிருந்து வந்த வாசனை, வெயிலில் காயவைத்த உப்பு நாரத்தங்காய் ஜாடியைத் திறந்த மாதிரியே இருந்தது. உப்புதான் இல்லை.

செய்முறையும் ஒளிவுமறைவில்லாமல் கண்ணெதிரே தெரிகிறது. தோலைப் பல நாள் வெயிலில் காயவைக்கிறார்கள். சாக்குப் பையில் கட்டி, மற்ற வாசனைப் பொருள்களோடு பழைய செப்புப் பானைக்குள் தொங்கவிட்டு, மதுசாரமும் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கி வடிக்கிறார்கள். வடிந்து வருவது தண்ணீர் போல நிறமில்லாமல் இருக்கும். அப்புறம்தான் சர்க்கரையும் நிறமும் சேர்கிறது.

இந்த லிக்யூருக்கும் தீவின் பெயர்தான், குராசோ. உலகமெங்கும் பார்களில் தெரியும் அதன் நீலம் வெறும் சாயம். நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, நிறமில்லாதது எல்லாமே ஒரே ருசி. ஊற்றித் தருபவரிடம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிறத்தைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ருசியைக் கவனிக்க வேண்டுமானால் நிறமில்லாததை எடுங்கள். முதலில் இனிப்பு, நடுவில் பூவாசம், விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் தங்கும் கசப்பு. அந்தக் கசப்புக்காகத்தான் நான் இதன் பக்கம் நிற்கிறேன். திராட்சைக் கொடி இங்கே வளர்வது மனிதன் விடாமல் பிடிவாதம் பிடிப்பதால். லராஹாவின் கசப்பு இந்த வறண்ட மண் தானாகக் கொடுத்தது, வேறு ஊரிலிருந்து அதைக் கொண்டுவர முடியாது.

ஆனால் குராசோ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை இருக்கிறது. வேறு நாடுகளில், வேறு ஆரஞ்சில் செய்யும் நீலப் பாட்டில்கள்தான் கடைகளில் அதிகம். லராஹாவில் செய்தது வேண்டுமென்றால் சீனியர் பெயரைப் பார்த்து வாங்குங்கள். சொந்தப் பெயரை இழந்து நிற்கும் ஒரு தீவுக்கு அந்த அளவாவது நாம் செய்யலாம்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் பக்கத்துத் தீவான பொனேருக்குப் போகலாம். அங்கே ரிங்கோன் கிராமத்தில் கள்ளியிலிருந்து கடுஷி லிக்யூர் செய்கிறார்கள். குராசோவிலேயே இருந்துவிட்டால் சாயங்காலம் வில்லெம்ஸ்டாட்டின் ஓட்ரோபண்டா பகுதியில் நெட்டோ பார், ஒரு சின்னக் கிளாஸ் பச்சை ரம். அதற்குச் சுற்றிக்காட்டல், விளக்கவுரை எதுவும் கிடையாது, உள்ளூர்க்காரர்களோடு நின்று குடிப்பதுதான்.

இல்லை, ஒரே மத்தியானத்தில் ஹாட்டோவையும் சோபோலோபோவையும் பார்த்தே தீருவேன் என்றால் வாடகைக் கார் பேசிக்கொண்டு முதலில் ஹாட்டோ போங்கள். ஸ்டியரிங் வேறு யார் கையிலாவது இருக்கட்டும். இனிப்பு லிக்யூரைக் குடித்துவிட்டு வந்து அந்த மெல்லிய வெள்ளை ஒயினை எடுத்தால் நாக்குக்கு ஒன்றுமே தெரியாது.