அரியலூர் புதைபடிவச் சுற்றுலாவில் விற்கப்படும் ‘டைனோசர் முட்டை’: ஓர் எச்சரிக்கை

கோடை விடுமுறையில் பிள்ளைகளை அரியலூர், பெரம்பலூர் பகுதிப் புதைபடிவங்களைக் காட்ட அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கும் பெற்றோர், தனியார் முகவர்கள் விற்கும் ‘டைனோசர் ஒருநாள் சுற்றுலா’வுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். எங்கள் குடும்பம் திருச்சியிலிருந்து அப்படியொரு சுற்றுலாவில் சென்று ஏமாற்றப்பட்டது.

வாரணவாசியில் உள்ள அரசுப் புதைபடிவ அருங்காட்சியகம், சாத்தனூர்க் கல்மரம், காரை செம்மண் பள்ளங்கள், நிலவியல் படித்த வழிகாட்டி, ‘முழு டைனோசர் எலும்புக்கூடு’ ஆகிய அனைத்தும் உண்டு என்று விளம்பரத்தில் இருந்தது. எலும்புக்கூடு என்பதே பொய். கல்லமேட்டில் கிடைத்து 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட பெரிய டைனோசரின் எலும்புகள் பின்னர் சிதைந்து அழிந்துவிட்டன. வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே மிச்சம். வழிகாட்டியாக வந்த இளைஞருக்கோ, சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரியான அம்மோனைட்டின் பெயர்கூடத் தெரியவில்லை. ஓட்டுநரே பரவாயில்லை என்று என் மனைவி சொன்னார்.

சாத்தனூரில் மட்டும் குறையில்லை. ஏறத்தாழ 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் அந்த மரத்தைப் பிள்ளைகள் வேலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அங்கிருந்து அருங்காட்சியகத்துக்குச் செல்வதற்குப் பதிலாக, காரைக்குப் போகும் வழியில் தார்ப்பாய் விரித்திருந்த ஒருவரிடம் வண்டியை நிறுத்தி, முக்கால் பொழுதை அங்கேயே கழிக்க வைத்தார்கள். செந்துறை அருகே டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக 2009-இல் வந்த நாளிதழ்ச் செய்தியை நெகிழித் தாளில் போட்டு வைத்திருந்த அந்த வியாபாரி, பந்து போன்ற உருண்டைக் கற்களைக் காட்டி, “சார், இது அதே முட்டைதான், வெளியில் லட்சக்கணக்கில் போகும், குழந்தைகளுக்காக 3,000 ரூபாய்க்குத் தருகிறேன்” என்றார். விரல் நீளத்தில் கூராக இருந்த கற்களை டைனோசர் பல் என்று தலா 500 ரூபாய்க்கு விற்றார். என் மைத்துனர் இரண்டையும் வாங்கினார். வாரணவாசியை அடைந்தபோது அருங்காட்சியகத்தைப் பூட்டியிருந்தார்கள். “நேரம் ஆகிவிட்டது அண்ணா, வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்” என்பதே வழிகாட்டியின் பதில்.

ஊர் திரும்பியபின், நிலவியல் கற்பிக்கும் உறவினர் ஒருவர் அந்த ‘முட்டை’யை உடைத்துப் பார்த்தார். ஓடு என்று சொல்ல ஒரு மெல்லிய படலம்கூட இல்லை. நடுவில் சுருள் வடிவ அம்மோனைட் ஒன்றின் துண்டு இருந்தது. கடலடிச் சேற்றில் புதைந்த உயிரினத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகுவதால் இத்தகைய உருண்டைகள் தாமாகவே உருவாகின்றன. குன்னத்தில் 2020-இல் ‘டைனோசர் முட்டைகள்’ என்று பரபரப்பாகப் பேசப்பட்டவையும் இவ்வகைக் கற்களே என்று நிலவியலாளர்கள் அப்போதே விளக்கியிருந்தார்கள். ‘பல்’ என்பது பெலம்னைட், அதாவது கணவாய்க்கு உறவான ஓர் உயிரினத்தின் உடலுக்குள் இருந்த கடினமான பகுதி. காரையின் களிமண் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. தரையில் முட்டையிட்ட விலங்கின் முட்டைகள் அங்கே பள்ளத்துக்குப் பள்ளம் உருண்டு கிடக்குமா என்று யோசித்தாலே இந்த வியாபாரம் விளங்கிவிடும். உண்மையில் அந்த அம்மோனைட் துண்டு, பொய்யான முட்டையைவிடச் சுவாரசியமான பொருள் என்பது என் எண்ணம். அதை அதன் பெயரிலேயே காட்டியிருந்தால் பிள்ளைகள் மகிழ்ந்திருப்பார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கல் வியாபாரிக்கும் தமக்கும் தொடர்பில்லை என்றார் முகவர். ஆனால் வண்டி நின்றதும் வழிகாட்டி இறங்கிச் சென்று விலைப்பட்டியலை எடுத்து வந்ததை நாங்கள் அனைவரும் பார்த்தோம். அருங்காட்சியகம் விடுபட்டதற்கு, “அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ளலாம்” என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதுவரை பணம் வரவில்லை.

அருங்காட்சியகத்துக்கு நீங்களாகவே, வேலை நாளையும் நேரத்தையும் முன்கூட்டி விசாரித்துக்கொண்டு, காலையில் முதலில் அங்கே சென்றுவிடுவது நல்லது. முகவர் வழியாகத்தான் போக வேண்டுமென்றால், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இருப்பீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். யாராவது முட்டை என்று கல்லை நீட்டினால், ‘டைனோசர் முட்டை’ என்றே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எங்களுக்குத் தந்த ரசீதில் ‘அலங்காரக் கல் 1’ என்றுதான் இருக்கிறது.