ரோபோ வாக்குவம் கிளீனர்: போட்டி துடைப்பத்தோடுதான்

ரோபோ வாக்குவம் கிளீனர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களில் பெரும்பாலோர் அதை வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வாக்குவம் கிளீனரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் போட்டியில் ரோபோ தோற்றுத்தான் போகும். உறிஞ்சும் வேகம் குறைவு, மூலைக்குள் முழுதாக நுழையாது, சோபா மெத்தை, திரைச்சீலை, மாடிப்படி எதையும் தொட முடியாது. ஆனால் அந்தப் பழைய வாக்குவம் கிளீனர் பீரோ சந்திலிருந்து வாரத்தில் எத்தனை நாள் வெளியே வருகிறது? அன்றாடம் தரையைப் பார்த்துக்கொள்வது துடைப்பம். ரோபோ பிடிக்க வருவது அந்த இடத்தை. ஆகவே ஒப்பிட வேண்டியதும் முதலில் துடைப்பத்தோடுதான்.

துடைப்பத்தை அவ்வளவு எளிதில் வீழ்த்திவிட முடியாது. சார்ஜ் வேண்டாம், சத்தம் இல்லை, வைஃபை போனாலும் பெருக்கும். நாற்காலிக் காலைச் சுற்றிப் போகவும், தரையில் கிடக்கும் பொம்மையைத் தள்ளிவிட்டுப் பெருக்கவும் அதைப் பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். ஒரு சிறிய அறையை அது முடிக்கும் நேரத்தில் ரோபோ இன்னும் சுவரோரத்தை அளந்துகொண்டிருக்கும். துடைப்பத்தின் குறைகள் இரண்டு. நுண்தூசியை அது அள்ளுவதைவிடக் கிளப்புவதே அதிகம். கிளம்பியது சற்று நேரம் காற்றில் மிதந்துவிட்டு மேசை மேலும் அலமாரி மேலும் வந்து படியும். தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. அடுத்த குறை, துடைப்பம் தானாக நடக்காது. யாராவது ஒருவர் தினமும் குனிந்து பெருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் பல வீடுகளில் சண்டை.

ஆழமாகச் சுத்தம் செய்வதில் வயர் வைத்த வாக்குவம் கிளீனரை மிஞ்ச இன்னும் ஆளில்லை. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைக்கு 2014-இல் 1600 வாட் என்றும், 2017-இல் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. அந்த வரம்புக்கு உட்பட்ட இயந்திரமே ரோபோவைப் போலப் பல மடங்கு மின்சாரத்தில் ஓடுவது. ரோபோவுக்குக் கிடைப்பது பேட்டரி தரும் சில பத்து வாட் மட்டும். தடித்த கார்பெட்டின் அடியில் இறங்கிய மண், மெத்தைக்குள் இருக்கும் தூசி, ஜன்னல் தண்டவாளத்தில் சேர்ந்த அழுக்கு எல்லாம் இதற்கே உரியவை. உடலில் கசிவு இல்லாமல், நல்ல ஹெப்பா ஃபில்டரும் இருந்தால், உறிஞ்சிய நுண்தூசி மறுபடி அறைக்குள் வராது. ஹெப்பா என்பதற்கு ஒரு வரையறை உண்டு: அமெரிக்கத் தரத்தின்படி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். பெட்டியில் ‘ஹெப்பா வகை’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது அந்தத் தரத்துக்கு உத்தரவாதம் ஆகாது. இந்த இயந்திரத்தின் பெரிய குறை அதன் உடலில் இல்லை, நம் சோம்பலில் இருக்கிறது. வெளியே எடுத்து, குழாய் மாட்டி, பிளக் தேடி, அறைக்கு அறை இழுத்துச் செல்லும் வேலையை நினைத்தாலே நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும்.

அந்தச் சோம்பலுக்கு மருந்தாக வந்தது வயரில்லாத, கையில் பிடித்து ஓட்டும் வகை. சுவரில் மாட்டியிருக்கும்; கொட்டியதைப் பார்த்தவுடன் எடுத்து உறிஞ்சிவிட்டுத் திரும்ப மாட்டிவிடலாம். சோபா, படிக்கட்டு, கார் இருக்கை எல்லாவற்றுக்கும் செல்லும். குறைந்த வேகத்தில் வைத்தால் 40 நிமிடம், சில மாடல்களில் ஒரு மணி நேரம் வரை ஓடும். முழு வேகத்தில் பத்து நிமிடத்துக்கு முன்பின்னாக மூச்சு வாங்கிவிடும். விளம்பரத்தில் ஓடும் நேரம் ஒரு வேகத்துக்கும் உறிஞ்சும் திறன் இன்னொரு வேகத்துக்கும் சொல்லப்பட்டிருக்கும். இரண்டையும் ஒருசேர எதிர்பார்க்கக் கூடாது. எடை இரண்டரை, மூன்று கிலோ. முழு வீட்டையும் முடிப்பதற்குள் மணிக்கட்டு கேள்வி கேட்கும். வீட்டுக்கு ஒரே ஒரு இயந்திரம்தான் என்றால் என் வாக்கு இதற்கே, ரோபோவுக்கு அல்ல.

ரோபோவுக்குள் ரோபோ

பெருந்திரளாகத் தயாரிக்கப்பட்ட முதல் ரோபோ வாக்குவம் கிளீனர் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனத்தின் ட்ரைலோபைட். அது 2001-இல் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. அக்கால ரூம்பாவுக்கு வரைபடம் கிடையாது. முட்டும், திரும்பும், வேறு திசையில் போகும், மறுபடி முட்டும். நீண்ட நேரம் ஓடினால் பெரும்பாலான இடத்தை எப்படியோ கடந்துவிடும் என்பதே அதன் கணக்கு. 2010-இல் நியேட்டோ நிறுவனம் லேசரால் தூரம் அளந்து அறையை வரைந்துகொள்ளும் ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய ஒப்பீடுகள் பலவும் அந்த இரண்டு வழிகளுக்கு இடையில்தான் நடக்கின்றன.

விலை குறைந்த மாடல்களில் இன்னும் முட்டித் திரும்பும் வகை உண்டு. ஒரே அறை என்றால் அது போதும். மூன்று அறையும் ஒரு கூடமும் இருந்தால், ஒரு அறையை நான்கு முறை பெருக்கிவிட்டு அடுத்ததை மறந்துவிட்டு வரும். அதற்கு மேலே இருப்பவை லிடார் (லேசரால் தூரம் அளக்கும் கருவி), கேமரா என்ற இரண்டு. லிடார் தன் லேசரையே நம்புவதால் இருட்டிலும் வழி தவறாது. கண்ணாடிக் கதவையும் நிலைக்கண்ணாடியையும் பார்த்து மட்டும் குழம்பும். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் தரையில் கிடக்கும் வயரையும் காலுறையையும் அடையாளம் கண்டு விலகுவது கேமரா உள்ளவையே. லிடார் உள்ள ரோபோக்கள் பலவற்றில் முதுகில் சிறு கோபுரம் நிற்கும். அதனால் உயரம் 10 செ.மீ.-யை நெருங்கிவிடும், கோபுரம் இல்லாதவை எட்டு செ.மீ. அளவில் நிற்கும். இந்த இரண்டு செ.மீ.-இல்தான் விஷயம் இருக்கிறது. துடைப்பம் எட்டாத கட்டிலடிக்குள் போவதே ரோபோவின் மிகப் பெரிய சாதனை. அங்கே அது நுழையவில்லை என்றால் வாங்கியதில் பாதி வீண். ஆகவே மாடல் பட்டியலைத் திறப்பதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக் கட்டில், சோபா, அலமாரி ஆகியவற்றின் அடி உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். நிலைப்படிகளையும் அளந்துவிடுங்கள். பெரும்பாலான ரோபோக்கள் ஏறுவது சுமார் இரண்டு செ.மீ. வரைதான்.

இனி பாஸ்கல் கதை. ரோபோவின் உறிஞ்சும் திறனைச் சொல்ல விளம்பரத்தில் போடும் எண் அது: 2000, 5000, 10,000 என்று ஏறிக்கொண்டே போகிறது. எண் பெரிதானால் சுத்தமும் பெரிதாகும் என்று நாமும் நம்பிவிடுகிறோம். பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு. உறிஞ்சும் வாயை அடைத்து வைத்தால் உள்ளே எவ்வளவு அழுத்தம் குறைகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1,01,325 பாஸ்கல் என்பதால், 10,000 என்பது அதில் பத்தில் ஒரு பங்கு. தரையில் ஓடும்போது வாய் அடைபட்டிருப்பதில்லை. தூசியைத் தூக்கிச் செல்வது நிமிடத்துக்கு எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது. அந்த எண்ணை யாரும் பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுவதில்லை. தவிர, விளம்பரத்தில் சொல்லும் பாஸ்கல் உச்ச வேகத்துக்கானது. தினமும் அந்த வேகத்தில் ஓட்டினால் சத்தம் கூடும், பேட்டரி சீக்கிரம் தீரும். வழவழப்பான தரைக்கு நல்ல பிரஷ் வைத்த 2000, 3000 பாஸ்கல் ரோபோவே போதுமானது. தடித்த கார்பெட்டுக்கு எந்த எண்ணும் வயர் வைத்த இயந்திரத்துக்கு ஈடாகாது. நடுவில் இருக்கும் மெல்லிய விரிப்புகளுக்கு மட்டும் கூடுதல் பாஸ்கலால் ஓரளவு பயன் உண்டு.

தரை துடைக்கும் வசதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஈரத்துணியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் மலிவு மாடல்கள் தரையை நனைக்கின்றன, அவ்வளவுதான். சுழலும் துணிகளோ உருளையோ வைத்து அழுத்தித் துடைப்பவை நன்றாகவே துடைக்கின்றன. காய்ந்து ஒட்டிய கறைக்குக் கை வைத்துத் தேய்ப்பதே வழி. ரோபோ சார்ஜ் ஏற்றிக்கொள்ள வந்து நிற்கும் நிலையத்திலேயே துணியைத் தானே அலசி உலர்த்தும் வகைகளும் வந்துவிட்டன. அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை இரண்டு நாள் மறந்தால் அறைக்குள் நுழையும்போதே மூக்கு சொல்லிவிடும்.

மிச்சமாகும் வேலை, புதிதாக வரும் வேலை

விற்பவர்கள் சொல்லாத பகுதி இது. ரோபோவைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் ஓடும் பெரிய பிரஷ் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். அதைக் கழற்றி இரண்டு முனைகளிலும் உள்ள மூடியை இழுத்தால், அச்சைச் சுற்றி நீண்ட முடி கயிறு போல இறுகிக் கிடக்கும். விரலால் வராது. கத்தரிக்கோல் நுனியை நுழைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். முன்னால் இருக்கும் சிறு சக்கரத்தை நேராக மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும். அதன் அச்சிலும் அதே முடி, கூடவே நூல் பிசிறுகள். இதை விட்டுவைத்தால் சக்கரம் உருளாமல் இழுபட்டு, தரையில் கோடு விழத் தொடங்கும். வயிற்றின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் கருப்புக் கண்ணாடிகள் தெரியும். படிக்கட்டின் விளிம்பை உணர்ந்து நிற்கச் சொல்லும் அகச்சிவப்பு சென்சார்கள் அவை. தூசி படிந்தால் சமதரையிலேயே பள்ளம் இருப்பதாக நினைத்து ரோபோ பின்வாங்கும். கறுப்பு விரிப்பைக் கண்டு சில மாடல்கள் நடுங்குவதும் இதே காரணத்தால்தான்: கறுப்பு நிறம் ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை, ரோபோ அதைக் குழி என்று எடுத்துக்கொள்கிறது.

தூசித் தொட்டி பெரும்பாலும் அரை லிட்டருக்கும் குறைவு. நிலையத்துக்குத் திரும்பித் தானே கொட்டிக்கொள்ளும் மாடல் வாங்கினால் அந்த வேலை குறையும். ஆனால் கொட்டும் அந்தச் சில நொடிகளில் எழும் சத்தம் தூங்கும் குழந்தையை எழுப்பப் போதுமானது. நிலையத்துக்குள் தூசி சேரும் பையும் தீரத் தீர வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

தரையை ஒழுங்குபடுத்தும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. போன் சார்ஜர் வயர், காலுறை, விரிப்பின் ஓரத்தில் தொங்கும் குஞ்சம் எல்லாம் பிரஷ்ஷில் சிக்கும். வளர்ப்பு நாயின் கழிவு மேல் ஏறி வீடு முழுக்கப் பூசிவைத்த ரோபோக்களின் புகழ் உலகறிந்தது. ஐரோபாட் 2021-இல் அதைக் கண்டு விலகும் மாடலைத் தனியாக விளம்பரப்படுத்தும் அளவுக்கு அது பெரிய புகார். ஆனால் இந்தத் தொல்லைக்கு மறுபக்கமும் உண்டு. இரவில் ரோபோ ஓட வேண்டும் என்பதற்காகவே தரையில் கிடப்பதை எடுத்து வைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. வீடு சுத்தமாகத் தெரிவதில் அந்தப் பழக்கத்துக்கும் நல்ல பங்கு இருக்கிறது என்பது என் சந்தேகம். ரோபோவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

துடைப்பத்துக்கு இல்லாத இன்னொரு பிரச்சினையும் ரோபோவுக்கு உண்டு. அது வீட்டைப் பார்க்கிறது. சோதனைக்காக ஓட்டப்பட்ட ரூம்பாக்கள் 2020-இல் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்ததை 2022-இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ இதழ் வெளிக்கொண்டுவந்தது. கழிவறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது. படம் எடுக்கப்படுவதற்கு அந்த வீட்டார் சம்மதித்திருந்தார்கள் என்றது ஐரோபாட். 2024-இல் அமெரிக்காவில் சில வீடுகளில் ஈகோவாக்ஸ் என்ற நிறுவனத்தின் ரோபோக்களை யாரோ தொலைவிலிருந்து கைப்பற்றி, அவற்றின் ஒலிபெருக்கி வழியாக வீட்டாரை வசைபாடினார்கள். கேமராவும் மைக்கும் இல்லாத, லிடார் மட்டும் உள்ள மாடலை நான் விரும்புவதற்கு இது ஒரு காரணம். நிறுவனம் மூடப்பட்டால், ரோபோவைப் போனிலிருந்து இயக்கும் செயலியும் போய்விடும் என்ற கவலையும் உண்டு. லேசர் வழியைச் சந்தைக்குக் கொண்டுவந்த அதே நியேட்டோவைத் தாய் நிறுவனம் 2023-இல் மூட முடிவு செய்தது. உடலில் உள்ள பொத்தானை அழுத்தினாலே, இணையம் இல்லாமல் ஓடுமா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

யாருக்கு, எது

வழவழப்பான தரை, ஒரே தளம், நிலைப்படி இல்லாத கதவுகள், கால் உயர்ந்த கட்டில், முடி கொட்டும் பூனை அல்லது நாய், பகலில் ஆளில்லாத வீடு: இவற்றில் பெரும்பாலானவை பொருந்தினால் ரோபோ வாங்கலாம். பொருந்தும் இடத்தில் துடைப்பத்தைவிட அது தெளிவாக மேல். அதன் பலம் ஒரே ஓட்டத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில் இல்லை, அலுக்காமல் தினமும் போவதில் இருக்கிறது. முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எல்லாம் வேண்டியதே இல்லை; குனியாமல் இருப்பதற்காகவே வாங்கலாம்.

படிக்கட்டுகள் நிறைந்த வீடு, சாமான் அடைந்த சிறிய அறைகள், தடித்த கார்பெட், பொம்மைகளைத் தரையிலேயே வைத்து வளரும் குழந்தைகள் என்றால் வயரில்லாத வகையும் ஒரு துடைப்பமும் போதும். ஒவ்வாமைதான் பெரிய கவலை என்றால் முதலில் நல்ல ஃபில்டர் உள்ள வயர் வைத்த இயந்திரம், பணம் மிஞ்சினால் அன்றாடத்துக்கு ரோபோ. ரோபோ வந்த பிறகும் மூலைகளுக்காகத் துடைப்பம் வீட்டில் இருக்கத்தான் செய்யும்.

வாங்குவது என்று முடிவானால், உச்ச விலை மாடலில் உள்ள துணி அலசும் நிலையத்தைவிட, நடுத்தர விலையில் லிடார் உள்ள ஒன்று எனக்கு நியாயமாகப் படுகிறது. பக்க பிரஷ், பெரிய பிரஷ், ஃபில்டர் மூன்றும் தேய்மானப் பொருள்கள். ஆண்டுதோறும் மாற்ற வேண்டி வரும். பேட்டரியும் சில நூறு சார்ஜுகளுக்குப் பிறகு தளர்ந்துவிடும், பிறகு ஒரே சார்ஜில் வீட்டை முடிக்காது. இந்த நான்கும் தனித்தனியே கிடைக்கின்றனவா, பேட்டரியை ஸ்க்ரூ கழற்றி நாமே மாற்ற முடியுமா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கிடைக்காத மாடல் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம்.