பாலத்துக் கர்டரும் ஸ்லாபும் வீடானால்: சில வருடங்கள் கழித்துத் தெரிபவை

கழற்றிய பாலப் பொருளால் கட்டும் வீட்டில் வலிமை அநேகமாகக் குறைவதில்லை. லாரிகளைச் சுமந்த கர்டருக்கு, அதாவது எஃகு உத்திரத்துக்கு, கட்டிலும் பீரோவும் பொருட்டே அல்ல. பாஸ்டன் நகர நெடுஞ்சாலைத் திட்டத்தில் பிரித்தெடுத்த சுமார் 6,00,000 பவுண்டு, அதாவது 270 டன் எஃகும் கான்கிரீட்டும் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் 'பிக் டிக் ஹவுஸ்' ஆனது. அதன் கூரைமேல் தோட்டமே இருக்கிறது. படுத்துவது எடையும் மூட்டுகளும்தான்.

6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனமுள்ள கான்கிரீட் ஸ்லாப் ஒன்று ஏறக்குறைய 3.4 டன். கிரேன் பேசும்போது எடையை மட்டும் சொன்னால் போதாது; எவ்வளவு தள்ளி இறக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கிரேனின் கை நீள நீளத் தூக்கும் திறன் வேகமாகக் குறையும்.

ஸ்லாபை வெட்டுமுன் அது முன்தகைவுக் கான்கிரீட்டா (உள்ளே கம்பியை இழுத்து இறுக்கிய கான்கிரீட்டா) என்று பழைய வரைபடத்தில் பாருங்கள். ஆம் என்றால், நடுவில் வெட்டியதும் புதிய முனையில் கம்பியின் பிடிப்பு மறுபடி உருவாக அதன் விட்டத்தைப்போல் சுமார் 60 மடங்கு நீளம் தேவைப்படும், 12.7 மி.மீ. கம்பிக்கு முக்கால் மீட்டர். கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போடாமல் மாடிப்படிக்கு ஓட்டை போட்டால் வம்புதான். பனிக்கு உப்பு தூவிய சாலையின் ஸ்லாப் என்றால் உப்பின் குளோரைடு உள்ளே இறங்கியிருக்கிறதா என்ற சோதனையும் கட்டாயம். மேலே பளிச்சென்று இருக்கும், உள்ளே கம்பி அரித்திருக்கும்.

பழைய கர்டரின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். கேஸ் கட்டிங்குக்கு முன் வெட்டும் கோட்டின் இருபுறமும் 10 செ.மீ. பெயின்டை இரசாயனத்தால் உரித்துவிட வேண்டும்; கிரைண்டர் போட்டால் தூசியாகப் பறக்கும். தண்டவாளம் வேறு சாதி. கார்பன் அதிகம் என்பதால் சாதாரண வெல்டிங்கில் பற்றவைத்த இடத்துக்கு அருகிலேயே விரிசல் விடும். துளை போட்டு போல்ட் பூட்டுவதே மேல்.

குடியேறிய பின் முதல் புகார் ஸ்லாப் இணைப்பில் கசிவு. அடைப்புப் பசையின் மீது பழி போடுவார்கள். தார் படிந்த பழைய விளிம்பில் எந்தப் பசையும் ஒட்டாது. புதுக் கான்கிரீட் தெரியும்வரை தேய்த்துப் பிரைமர் அடிக்க வேண்டும். 20 மி.மீ. இடைவெளிக்கு நுரைக்கயிறு திணித்து, மேலே 10 மி.மீ. ஆழம் பசை போதும். கயிறு இல்லாவிட்டால் பசை அடியிலும் ஒட்டிக்கொண்டு, இழுபடும்போது கிழியும். மேலே பூசும் நீர்த்தடுப்புப் படலத்தையும் இணைப்பின்மீது 10 செ.மீ. அகலத்துக்கு ஒட்டாமல் விட வேண்டும். ஒட்டினால் அசைவு முழுவதும் மயிரிழைக் கோட்டில் குவிந்து படலம் பிளக்கும்.

அடுத்தது, உள்ளிருந்து வெளியே நீளும் கர்டர். பார்வைக்கு அழகு; குளிர்காலத்தில் அதன்மேல் நீர் முத்துமுத்தாகக் கோக்கும், பக்கத்துச் சுவரில் பூஞ்சை பிடிக்கும். கட்டும்போதே சுவர்க் கோட்டில் வெப்பத்தடைத் தகடு வைத்து இரண்டு துண்டாகப் பூட்டினால் இது வராது. பிற்பாடு செய்வதற்கு வழி அநேகமாக இல்லை. இரவில் கேட்கும் 'டொக்' சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம்: 10 மீட்டர் எஃகு 30 டிகிரி மாற்றத்துக்கு 3.6 மி.மீ. நீளும்.

தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். வெயிலேறினால் அதில் ஊறிய கிரியோசோட் என்ற தார் எண்ணெய் கசியும், வாடை போகாது. காய்கறிப் பாத்தி ஓரத்துக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது.