லத்தீனா, கிரேக்கமா: எதை முதலில் எடுப்பது?

கிளாசிக்ஸ், அதாவது பண்டைய கிரேக்க, ரோம இலக்கியமும் வரலாறும் படிக்கும் பட்டப்படிப்பில் இரண்டு மொழியையும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வாரமே வரும் குழப்பம் இது.

தமிழ் பேசுகிறவருக்கு லத்தீன் சட்டென்று பழகிவிடும். ‘புயெல்லா ரோசம் அமத்’ என்றால் ‘சிறுமி ரோஜாவை நேசிக்கிறாள்’. சொல் வரிசை அப்படியே நம்முடையது. ‘ரோசா’ என்பது ‘ரோசம்’ ஆவது, நம் ‘ஐ’ உருபு செய்கிற அதே வேலை. எழுத்தும் ஆங்கிலத்தில் பார்த்துப் பழகியதுதான்.

கிரேக்கம் வேறு ரகம். 24 எழுத்துகளை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம், அது பெரிய விஷயமில்லை. வினைச்சொல்தான் படுத்தும். ‘லூஓ’ என்றால் அவிழ்க்கிறேன், ‘எலூசா’, அவிழ்த்தேன், ‘லெலுகா’, அவிழ்த்திருக்கிறேன். தமிழில் கால இடைநிலையும் விகுதியும் சொல்லின் வால் பக்கம்தான் ஒட்டும். இங்கே தலையிலும் முளைக்கும். அகராதியில் ‘எ’ பக்கத்தையே புரட்டிப் புரட்டி அலுத்த பிறகுதான், அந்த ‘எ’யைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டும் என்பது உறைக்கும்.

அப்புறம், எதை வாசிக்கப் போகிறீர்கள்? ரோமச் சட்டம் என்றால் லத்தீன், பிளேட்டோ என்றால் கிரேக்கம்; இதில் குழப்பமில்லை. சேரர் துறைமுகமான முசிறியோடு ரோமர் நடத்திய வணிகம் என்றால்தான் சிக்கல். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டெர்ஸை (ரோம நாணயம்) இந்தியா உறிஞ்சுகிறது என்று ரோம எழுத்தாளர் பிளினி புலம்பியது லத்தீனில். முசிறிக் கடன் ஒப்பந்தம் பேசும் வியன்னாவில் இருக்கும் பாப்பிரஸ் ஏடும், நம் துறைமுகங்களை வரிசையாகச் சொல்லும் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸும் கிரேக்கத்தில்.

என்னைக் கேட்டால் கிரேக்கம்தான் முதலில். முதலாண்டு உற்சாகம் இருக்கும்போதே அந்த வினைப் பட்டியல்களை மனப்பாடம் செய்துவிடலாம். மூன்றாம் ஆண்டில் யாருக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை.