சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்: பிள்ளைக்கு ஆபாச மெசேஜ் வந்தால் இந்தத் தளம் எவ்வளவு தூரம் உதவும்?

மத்திய உள்துறையின் இந்தப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கான பிரிவில் இரண்டு வழிகள் உண்டு. பெயர் சொல்லாமல் புகார் கொடுப்பது ஒன்று. கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்டுப் பதிவு செய்து, புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது மற்றொன்று. மானத்துக்குப் பயந்த குடும்பங்கள் முதல் வழியைத்தான் தேடும். ஒரு பெரியவர் உங்கள் பிள்ளைக்கு ஆபாசமாக எழுதிக்கொண்டிருந்தால், அந்த வழியில் போகாதீர்கள்.

பெயரில்லாப் புகாரை வைத்து அதிகாரி யாரிடம் வாக்குமூலம் வாங்குவார், எந்த போனைக் கைப்பற்றுவார்? குழந்தைகளின் பாலியல் வீடியோ சுற்றும் ஒரு குழுவையோ லிங்க்கையோ கண்ட மூன்றாம் மனிதருக்கு அது நல்ல வசதி; அங்கே லிங்க்தான் சாட்சி. உரையாடல் வழக்கில் சாட்சி பிள்ளையின் போனுக்குள் இருக்கிறது. ஆகவே பதிவு செய்தே கொடுங்கள். புகார் எண்ணும் கையில் இருக்கும்.

தளத்தின் பெரிய குறை, பெயரில்லாப் புகாருக்கான வகைப் பட்டியல் படம், வீடியோவை மனதில் வைத்தே அமைந்திருப்பது. வெறும் எழுத்தாக வந்த மெசேஜை எதில் சேர்ப்பது என்று திகைக்க வேண்டியிருக்கிறது. சட்டத்தில் அந்தத் திகைப்புக்கு இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பிரிவு 11, பாலியல் நோக்கத்தோடு 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் ஒரு சொல் பேசுவதையும், இணையவழியாகத் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதையும், போலிப் படத்தைக் காட்டி மிரட்டுவதையும்கூடப் பாலியல் தொந்தரவு என்கிறது. பிரிவு 12-ன்படி மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். குழந்தையைப் பாலியல் செயலுக்காக இணைய உறவுக்குள் இழுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யிலும் வரும்: முதல் முறை ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்ற வாதமும் எளிதில் எடுபடாது. போக்சோ பிரிவு 30-ன்படி கெட்ட நோக்கம் இருந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு. இந்தப் பிரிவு எண்களைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

சம்பவத்தை விவரிக்கும் பெட்டி 200 எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காது. @, # போன்ற குறிகள் இருந்தாலும் திருப்பிவிடும். இன்ஸ்டாகிராம் பெயரை ஒட்டும்போது பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். குறியை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் எழுதுங்கள். பிள்ளையின் வயது, முதல் மெசேஜ் வந்த தேதி, எந்தச் செயலி, அந்த ஆள் பிள்ளைக்கு என்ன உறவு அல்லது பழக்கம், சொன்ன வார்த்தைகள் அப்படியே: இவ்வளவும் வேண்டும். "தப்பாகப் பேசினான்" என்று மட்டும் எழுதினால் விசாரணை அங்கேயே தளர்ந்துவிடும்.

ஆதாரத்தில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். டெலிகிராம் தனி உரையாடலை எதிராளி தன் பக்கமிருந்தே இரு பக்கமும் அழித்துவிடலாம். எனவே அவரைத் திட்டி ஒரு வரிகூட அனுப்புமுன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: தேதி, நேரம், பயனர்பெயர் மூன்றும் தெரிய வேண்டும். பயனர்பெயர் மாறக்கூடியது என்பதால் சுயவிவரப் பக்கத்தின் லிங்க்கைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் நாட்டுக் குறியீட்டோடு எண் வேண்டும். பிளாக் செய்யும்போது உரையாடலையும் சேர்த்து அழிக்கும் தேர்வு வந்தால் அதிலுள்ள டிக்கை நீக்கிவிடுங்கள். போனை ரீசெட் செய்யவே கூடாது. பிள்ளையின் நிர்வாணப் படம் உள்ளே இருந்தால் நகல் எடுக்காமல் போனிலேயே விட்டு, இருக்கிறது என்று புகாரில் சொல்லுங்கள். மாமாவுக்கும் சித்திக்கும் "பாருங்கள்" என்று அனுப்புவது, எவ்வளவு ஆதங்கத்தில் செய்தாலும், தனிக் குற்றம்.

சைபர் உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டாம், அது முக்கியமாகப் பண மோசடிக்கானது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவு பகலாக இயங்கும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: தளத்தில் கொடுத்த புகார் எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாது. அது மாநிலக் காவல்துறைக்குப் போய், அங்கிருந்து நிலையத்துக்கு வர வேண்டும். அதற்காகக் காத்திருக்காமல் புகார் எண்ணின் அச்சுப் பிரதியோடு அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அன்றைக்கே போங்கள். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். போக்சோ பிரிவு 24-ன்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே, சீருடை இல்லாமல், இயன்றவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் பதிவு செய்ய வேண்டும். ஸ்டேஷன் பெஞ்சில் பிள்ளையை உட்காரவைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். "இதெல்லாம் கேஸ் ஆகாது, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று போலீஸ் சொன்னால் அதே சட்டத்தின் பிரிவு 21-ஐ நினைவுபடுத்துங்கள். தகவலைப் பதிவு செய்யத் தவறுபவருக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு.