1 டிபி டிஸ்க், 931 ஜிபி இடம்: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்த கணக்கு

புது 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். கடையில் யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க்கில் 10,00,20,48,86,016 பைட் இருக்கிறது, அதாவது லட்சம் கோடிக்குச் சற்று மேலேயே. தயாரிப்பாளர்கள் 1000 பைட் ஒரு கேபி, 1000 கேபி ஒரு எம்பி என்று 1000 கணக்கில் ஜிபி போடுகிறார்கள். விண்டோஸ் ஒவ்வொரு படியிலும் 1024-ஆல் வகுத்துவிட்டு அதே ஜிபி-யையே போடுகிறது. மேக், 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டிலிருந்து 1000 கணக்குக்கு மாறிவிட்டதால் அங்கே 1 டிபி என்றே தெரியும்.

விண்டோஸ் என்ன காட்டும் என்று வாங்கும் முன்பே தெரிய வேண்டுமா? பெட்டியில் உள்ள ஜிபி-யை 0.931-ஆல் பெருக்குங்கள்: 500 என்றால் 465, 256 என்றால் 238. டிபி-க்கு 0.909. அலகு பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் கூடும், கேபி-யில் 2.4%, டிபி-யில் கிட்டத்தட்ட 10%.

வெறும் காட்சி வித்தியாசம்தானே என்று இதை விட்டுவிடலாம், டிஸ்க் மாற்றும் நாள் வரை. லேப்டாப்பில் இருப்பது 1024 ஜிபி எஸ்எஸ்டி (விண்டோஸில் 953 ஜிபி), புதிதாக வாங்கியது 1000 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். கடைப் பேச்சில் இரண்டுமே 1 டிபி-தான், ஆனால் புதியது சுமார் 24 ஜிபி சிறியது. டிஸ்க்கின் சிறு துண்டுகளான செக்டர்களை ஒன்று விடாமல் அப்படியே நகலெடுத்து (குளோன்) வைத்தால் ஏறாது. சி டிரைவை 25 ஜிபி சுருக்கினாலும் தீராது: டிஸ்க்கின் கடைசியில் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸைச் சரிசெய்ய ஒதுக்கிய பகுதி) இருந்தால் காலி இடம் நடுவில்தான் விழும், அந்தக் கடைசிப் பகுதி புதிய டிஸ்க்கின் எல்லைக்கு வெளியே நிற்கும். பார்ட்டிஷன் பார்ட்டிஷனாக நகலெடுக்கும் முறைதான் கைகொடுக்கும்.

வாங்கும் முன் பைட் எண்ணிக்கையை ஒப்பிட்டுவிடுவது உத்தமம். அந்த எண் மட்டும் எந்த சிஸ்டத்திலும் மாறாது. பல ஹார்ட் டிஸ்க் லேபிளில் எல்பிஏ என்று 1953525168 போல ஓர் எண் (512 பைட் செக்டர்களின் எண்ணிக்கை) அச்சிட்டிருக்கும். அதை 512-ஆல் பெருக்கினால் பைட்.

பார்ட்டிஷன் பிரிக்கும்போதும் இதே சிக்கல் வரும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் அளவை எம்பி-யில் கேட்கும், அதுவும் 1024 கணக்கில். 100 ஜிபி வேண்டுமென்று 100000 அடித்தால் 97.65 ஜிபி-தான் கிடைக்கும். 102400 அடிக்க வேண்டும். லினக்ஸில் டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளைக்குச் சிறிய ஹெச் கொடுத்தால் 1024 கணக்கு, பெரிய ஹெச் என்றால் 1000 கணக்கு. போதாததற்கு லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 வழக்கமாக 5% இடத்தை ரூட்டுக்கு (நிர்வாகி கணக்குக்கு) ஒதுக்கிவிடும். பேக்கப்புக்கு மட்டும் வைத்திருக்கும் டிஸ்க்கில் அதை 1% ஆக்கலாம்.

அலகுக்குச் சம்பந்தமே இல்லாமல் இடம் கரைவதும் உண்டு, பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் சிஸ்டத்தில். 32 ஜிபி-க்கு மேற்பட்ட டிஸ்க்கை விண்டோஸ் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் கிளஸ்டர் (ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம்) 128 கேபி, ஃபைல் எவ்வளவு சிறியதானாலும் ஒரு கிளஸ்டர் முழுதாகப் போய்விடும். தலா 2 கேபி உள்ள ஒரு லட்சம் ஃபைல்களைப் போடுங்கள்: உள்ளடக்கம் 195 எம்பி, பிடிக்கும் இடம் 12.2 ஜிபி! விண்டோஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸின் 4 கேபி கிளஸ்டரில் அதே ஃபைல்கள் 390 எம்பி-யில் அடங்கும். வீடியோவுக்கு எக்ஸ்ஃபேட் தாராளமாகப் போதும். புரோகிராம் ஃபோல்டர்களுக்கு வேண்டாம். கட்டாயம் அதில்தான் வைக்க வேண்டுமென்றால் ஜிப் செய்து வையுங்கள்.

நெட்வொர்க்கில் பேக்கப் எடுப்பவர்கள் பிட்டையும் பைட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும், 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) லைன் என்றால் நொடிக்கு 1.25 கோடி பைட், 1024 கணக்கில் 11.9 எம்பி. விண்டோஸ் 50 ஜிபி என்று காட்டும் ஃபோல்டர் 5,368 கோடி பைட். வகுத்தால் 71 நிமிடத்துக்கு மேல். நெட்வொர்க் தன் பங்குக்குத் தின்பதையும் சேர்த்து 75 நிமிடம் ஒதுக்குங்கள், சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் கூடுதலாக.